பொது லட்சியம்

"சாவி என் பேன்ட் பாக்கெட்ல இருக்கு. கையை விட்டு எடுத்துக்கோங்க!" என்று பிரசவ அறைக்குள்ளிருந்து டாக்டர் கத்தினார்.

வாசலில் நின்ற மருந்தாளுநர் தயங்கினார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து மாத்திரை, டானிக், களிம்பு தவிர வேறெதிலும் கை வைத்தறியாத மனிதர் அவர். மேலதிகாரியின் பேன்ட் பாக்கெட்டில் கை விடலாமா, கூடாதா என்று பணி விதிகளில் எங்கேயும் சொல்லப்படவில்லை.

"எந்தப் பாக்கெட் சார்? வலதா, இடதா?"

"வலது. இல்லல்ல, இடது. அட, எதுலயாவது விட்டுப் பாருங்களேன். என் ரெண்டு கையும் இங்க மாட்டிக்கிட்டு இருக்கு!"

உண்மைதான். டாக்டரின் இரண்டு கைகளும் உறை மாட்டிக்கொண்டு, உலகத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த ஒரு குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"சீக்கிரம் எடுத்துக் கொடுங்க டாக்டர்," என்று கட்டிலில் கிடந்த பெண் வலிக்கு நடுவே பல்லைக் கடித்தாள். "என் மாமியார் அந்த மருந்து வரிசையிலதான் நிக்கிறாங்க. அவங்களைக் காக்க வெச்சா வீட்ல எனக்குத்தான் பேச்சு விழும்!"

மருந்தாளுநர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, டாக்டரின் மேலங்கிக்குக் கீழே கையை விட்டார். டாக்டருக்குக் கூச்சம் அதிகம். அவர் நெளிந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் 'ஹிஹி' என்று குலுங்கிய அதே நொடியில் குழந்தை வெளியே வந்து அழுதது.

"பொம்பளப் புள்ள," என்றார் பெரிய சிஸ்டர். இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலைமைச் செவிலியான அவரை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

"சாவி கிடைச்சிருச்சு," என்றார் மருந்தாளுநர், அதைவிட அதிக மகிழ்ச்சியோடு. உடனே அவர் முகம் வாடியது. அவர் கையில் இருந்தது ஒரு சாவி இல்லை. பெரிய வளையத்தில் கொத்தாகத் தொங்கிய சாவிகள். "இதுல எது சார் மருந்து ரூம் சாவி?"

"எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க."

"சார், கழிப்பறைச் சாவியும் இதுலதானே இருக்கு?" என்றார் பெரிய சிஸ்டர், தொப்புள் கொடியைக் கட்டிக்கொண்டே. "சிறுநீர்ப் பரிசோதனைக்கு வந்தவங்க கையில குப்பியோட ரொம்ப நேரமா நிக்கிறாங்க. நம்ம சர்க்கரையார் குதிக்கவே ஆரம்பிச்சுட்டார்."

சர்க்கரையார் என்பது பட்டப்பெயர். சர்க்கரை நோயாளி. மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று சொல்லியும் தினமும் வருவார். காத்திருப்போர் கூடத்தில், கூட்ட அறையின் ஜன்னலை ஒட்டிய பெஞ்சு அவருடைய சொத்து. மருந்து சாப்பிடுவதில் குறை வைக்க மாட்டார், இனிப்பு சாப்பிடுவதிலும் குறை வைக்க மாட்டார். இரண்டும் சரிக்குச் சரியாகப் போய்விடும் என்பது அவருடைய கணக்கு.

எல்லாச் சாவியும் டாக்டரின் பாக்கெட்டுக்குள் எப்படிப் போயின? அதற்குக் காரணம் ஒரு பயிற்சி முகாம்.

சுகாதார நிலையங்களுக்குத் தரவரிசை என்று ஒன்று உண்டு. போன முறை இவர்கள் கடைசி இடத்தில் இருந்தார்கள். இன்னொரு முறை அடியில் கிடந்தால் பிரசவ அறையை இழுத்து மூடிவிட்டு, தாய்மார்களைத் தொலைவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போவதாக மண்டல அலுவலகம் சொல்லிவிட்டது. டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் பிள்ளை பிறக்க வைப்பது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த அறையைப் பூட்டிவிட்டால் அவர் என்ன செய்வார் பாவம்?

இந்தக் கலக்கத்தில் இருந்தவரைத்தான் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய விடுதி, வேளாவேளைக்கு பிஸ்கட், ஆயுளில் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்திராத ஒரு கோட்டுக்காரர். "தலைமை சரியாக இருந்தால் சேவை தானாகச் சரியாகும்," என்று அவர் திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். தலைமையில் பல வகை உண்டு என்றும், எது பலிக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். டாக்டர் எல்லா வகைக்கும் குறிப்பு அடங்கிய ஒரு கனமான பையோடும் கண்ணில் ஒரு பளபளப்போடும் வீடு திரும்பினார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாசலிலேயே அந்தப் பளபளப்பைக் கவனித்துவிட்டார். "என்னங்க, காய்ச்சலா?"

"இல்ல. தலைமை."

"அதுக்கு மாத்திரை இருக்கா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

முதலில் டாக்டர் பிடித்தது அதிகாரத் தலைமை. எல்லாம் தலைவன் கைக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாம் என்றால் எல்லாச் சாவியும் என்று டாக்டர் புரிந்துகொண்டார். அதன் பலனைத்தான் பார்த்தோம். அன்றைக்குச் சர்க்கரையார் கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுக்கு ஓடினார். குப்பியை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்.

"இது சரிப்படாது," என்று டாக்டரே ஒத்துக்கொண்டார். அதுதான் அவரிடம் உள்ள நல்ல குணம். தப்பு என்று தெரிந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க மாட்டார், அடுத்த தப்புக்குப் போய்விடுவார்.

அடுத்தது ஜனநாயகத் தலைமை.

"இனிமே இங்க யாரும் யாருக்கும் உத்தரவு போடப் போறதில்ல," என்று கூட்ட அறையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். "எதுவா இருந்தாலும் கலந்து பேசி, கையைத் தூக்கி முடிவெடுப்போம். முதல் பிரச்சினை, சாவிக்கொத்தை எங்க மாட்டுறது?"

"வாசல்ல ஒரு ஆணி அடிச்சா போச்சு," என்றார் பெரிய சிஸ்டர்.

"வாசல்ல மாட்டினா களவு போயிரும்," என்றார் மருந்தாளுநர். "மருந்து ரூம்தான் இருக்கறதுலயே பத்திரமான இடம். கனமான கதவு, அமுக்கினாலே பூட்டிக்கற ரெட்டைப் பூட்டு. அதுக்குள்ள ஆணி அடிச்சு மாட்டிருவோம்."

"அட, நல்லா இருக்கே!" என்றார் ஆயாம்மா. கூட்டிப் பெருக்கித் துடைக்கும் வேலை அவருடையது. கூட்டம் சீக்கிரம் முடிந்தால் சரி என்று அவர் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கே என்பார்.

ஜன்னல் வழியாகச் சர்க்கரையாரின் தலை நுழைந்தது. "ஏன் டாக்டர், ரூமைப் பூட்டின பிறகு..."

"பெரியவரே, உங்களுக்கு ஓட்டு இல்ல," என்று டாக்டர் அவரை அடக்கிவிட்டு, கைகளை எண்ணினார். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலையில் மருந்து அறை பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி அதைவிடப் பத்திரமாக உள்ளே தொங்கியது.

பூட்டை உடைப்பதா, திறக்க ஆள் கூப்பிடுவதா, கதவையே கழற்றுவதா என்று அவசரக் கூட்டம் கூடியது. நோயாளிகள் வாசலில் முண்டியடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பேச்சு முற்றி, கதவு என்பது அரசாங்கச் சொத்தா என்கிற இடத்துக்கு வந்தபோது, கூட்டத்தின் பின்னால் ஒரு கை உயர்ந்தது.

"அதோ, கையைத் தூக்கறவர்," என்றார் டாக்டர் மலர்ச்சியோடு. "தயங்காம சொல்லுங்க. பொதுமக்கள் கருத்தும் நமக்கு முக்கியம்."

"ரத்தம் டாக்டர்," என்றார் அந்த ஆள்.

"நல்ல கருத்து. ரத்தப் பரிசோதனையைப் பத்தியும் பேச வேண்டியிருக்கு. அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம். வேற யாராவது?"

"ஐயா, விரல் ஐயா! உளி இறங்கிருச்சு!"

அவர் ஒரு தச்சர். கையைத் தூக்கினால் ரத்தம் குறைவாக வரும் என்று யாரோ சொன்னதால் வந்ததிலிருந்து தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறார். இரண்டு தீர்மானங்களில் அவருடைய கையும் ஓட்டாக எண்ணப்பட்டிருந்தது.

டாக்டர் ஒரே தாவாகத் தாவினார். தச்சரை உட்கார வைத்து, கழுவி, மரத்துப்போக வைத்து, தைத்து முடிப்பதற்குள் தச்சருக்கு முனகக்கூட நேரம் கிடைக்கவில்லை. தையல் அப்படி இருந்தது, புதுச் சட்டையில் போட்டது போல. தச்சர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தை இழைத்துப் பழகிய கண்ணுக்கு வேலைப்பாடு தெரியும்.

"உங்க கை தங்கமான கை டாக்டர்," என்றார். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு எதுக்கு மத்தவங்க கையை எண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

அது டாக்டரின் காதில் ஏறவில்லை. அவர் அதற்குள் பையிலிருந்து அடுத்த வகையை எடுத்துவிட்டார். முன்மாதிரித் தலைமை. தலைவன் வாயால் சொல்லக் கூடாது, தானே செய்து காட்ட வேண்டும்.

மறுநாள் ஆயாம்மா வருவதற்கு முன்பே டாக்டர் வந்து, கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, கூடம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் துடைக்க ஆரம்பித்தார். முதலில் வந்தவர் முழங்கால் வலிக்காரர். இந்த நிலையத்துக்குப் புதியவர்.

"ஏம்ப்பா, டாக்டர் வந்தாச்சா?"

"நான்தாங்க டாக்டர்."

"ஆமா, நான்தான் மந்திரி. நகருப்பா," என்று அவர் ஒரு எட்டு வைத்தார். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். முழங்கால் வலியோடு வந்தவர் இடுப்பு வலியையும் சேர்த்துக்கொண்டு, தனியார் டாக்டரிடமே போய்விட்டார்.

ஆயாம்மா வந்து பார்த்தார். துடைப்பம் டாக்டர் கையில் இருந்தது. அவ்வளவுதான், பெரிய சிஸ்டரின் தோளில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதார். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாரு சிஸ்டர்! என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க!"

"சும்மா இருடி, அவரு முன்மாதிரியா இருக்காராம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா கொஞ்ச நாள்ல மாறிருவார்னு அர்த்தம்."

அன்று டாக்டர் மருந்து கொடுக்கும் ஜன்னலிலும் உட்கார்ந்து காட்டினார். முதல் சீட்டு வந்தது. கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு எழுதின சீட்டு? ஒரு எழுத்துகூடப் புரியல!"

"நீங்க எழுதினதுதான் சார்," என்றார் மருந்தாளுநர் மரியாதையோடு. "நேத்து."

இப்படிப் பதிவு மேஜை, ஊசி அறை, பரிசோதனைக்கூடம் என்று ஒன்று விடாமல் செய்து காட்டினார். எல்லோருடைய வேலையையும் செய்த அந்த மனிதர் செய்யாமல் விட்டது ஒரே ஒரு வேலையைத்தான். டாக்டர் அறையில் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்கு வெளியே வரிசை தெருவரைக்கும் நீண்டது.

தரவரிசை ஆய்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று தகவல் வந்தபோது டாக்டர் வீட்டில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் மனைவி, விடைத்தாள்களைத் திருத்தியபடி. "நீங்க பேசாம டாக்டர் வேலையை மட்டும் பார்த்தா என்ன?"

"அது வேலை. இது தலைமை. உனக்கு வித்தியாசம் புரியாது."

"நல்லாவே புரியுது. வேலை உங்களுக்கு வருது."

டாக்டர் கோபித்துக்கொண்டு பையைத் திறந்தார். அடியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. லட்சியத் தலைமை. அதற்குக் கோட்டுக்காரர் ஒரு படமும் கொடுத்திருந்தார். நிறைய எறும்புகள் சேர்ந்து ஒரு பிஸ்கட்டை இழுத்துப் போகின்றன. கீழே எழுதியிருந்தது: 'பொதுவான லட்சியம் ஒன்று இருந்தால் குழு மலையையும் நகர்த்தும்.'

மறுநாள் கூட்ட அறையில் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசினார். இதுவே அவருடைய கடைசி ஆயுதம்.

"நான் உங்களுக்கு உத்தரவு போட மாட்டேன். ஓட்டு கேட்க மாட்டேன். துடைப்பத்தைத் தொட மாட்டேன்." ஆயாம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு லட்சியத்தை மட்டும் உங்க முன்னால வைக்கிறேன். இந்தத் தடவை நாம முதலிடம் வாங்கணும்."

பெரிய சிஸ்டர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

"முதலிடம் வந்தா நம்ம பிரசவ ரூம் தப்பிக்கும்."

"அது தப்பிக்கக் கடைசி இடத்தைத் தாண்டினா போதும் சார்," என்றார் மருந்தாளுநர்.

"சரி, ஒரு கேடயம் கொடுப்பாங்க. உங்க எல்லாருக்கும் பாராட்டுச் சான்றிதழ். தடுப்பூசி வைக்கப் புது ஃப்ரிட்ஜ். எனக்குக்கூட என்னவோ மண்டல ஆபீஸ்ல தலைமைப் பயிற்சி அதிகாரின்னு பதவி கொடுத்துக் கூப்பிட்டுக்குவாங்களாம், அது கிடக்கட்டும். முக்கியமானது என்னன்னா, ஜனங்களுக்கு நல்ல சேவை..."

அறையில் ஏதோ மாறியது. பெரிய சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்தாளுநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஜன்னலில் சர்க்கரையாரின் தலை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே வந்திருந்தது.

"முதலிடம் வாங்கினா இதெல்லாம் நிச்சயமா நடக்குமா சார்?" என்று கேட்டார் பெரிய சிஸ்டர்.

"நிச்சயமா."

"எப்போலேருந்து?" என்றார் மருந்தாளுநர்.

"அறிவிச்ச அடுத்த மாசமே."

"நல்லா இருக்கே!" என்றார் ஆயாம்மா. முதல் முறையாக அதை மனதாரச் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து டாக்டரால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. வாசல் ஆணியில் சாவிகள் தொங்கின, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டோடு. நேரத்துக்கு முன்பே எல்லோரும் வந்தார்கள். மருந்து ஜன்னலில் வரிசை நின்று பார்ப்பதற்குள் கரைந்தது. கூடம் பளபளத்தது, ஆனால் வழுக்கவில்லை. டாக்டர் எதையாவது கேட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே தலையை நீட்டினால் பெரிய சிஸ்டர் பாய்ந்து வந்துவிடுவார்.

"நீங்க நோயாளியை மட்டும் பாருங்க சார். மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"ஏதாவது கூட்டம் போடணும்னா..."

"அதெல்லாம் நாங்களே பேசிக்கிட்டோம் சார். நீங்க உட்காருங்க."

டாக்டர் உட்கார்ந்தார். நாளெல்லாம் நோயாளிகளைப் பார்த்தார். நாடி பிடித்தார், தைத்தார், பிள்ளை பிறக்க வைத்தார். இவ்வளவு நிம்மதியாக அவர் என்றைக்கும் இருந்ததில்லை. லட்சியத் தலைமையின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

நோயாளிகளும் மாறினார்கள். அதுதான் பெரிய ஆச்சரியம். முண்டியடிப்பது நின்றது. தாய்மார்கள் பிள்ளைகளைத் தடுப்பூசி நாளில் தவறாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தச்சர் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுகளுக்கெல்லாம் காசு வாங்காமல் கால் வைத்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரையாரின் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கி ஒரு நாள் சரியான அளவில் வந்து நின்றது. டாக்டர் கருவியில் கோளாறு என்று நினைத்து, தன் விரலையே குத்திச் சோதித்துப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, எப்படி இது?"

"இனிப்பை விட்டுட்டேன் டாக்டர்."

"நான் எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினேன்! அப்பெல்லாம் விடாதவர்..."

"அப்போ ஒரு லட்சியம் இல்லையே டாக்டர்," என்றார் சர்க்கரையார்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எறும்புப் படத்தைப் போய் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆய்வு நாள் வந்தது. மண்டல அதிகாரி ஒரு அம்மாள், சிரித்தால் பதவி போய்விடும் என்று பயந்தவர் போல முகம். குப்பைத்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் விரல் வைத்துத் தேய்த்தார். தூசி அகப்படவில்லை. கடைசியில் கூடத்துக்கு வந்து நோயாளிகளை விசாரித்தார்.

"உங்க டாக்டர் எப்படி?"

"அவரா? பெரிய இடத்துல இருக்க வேண்டியவரும்மா," என்றார் தச்சர். "இந்தச் சின்ன இடத்துல அடைஞ்சு கிடக்கார்."

"இவரு தலைமையெல்லாம் எங்களுக்கு ரொம்ப அதிகம்," என்றாள் கைக்குழந்தையோடு வந்திருந்த பெண். சாவி தேடிய நாளில் பிறந்த அதே குழந்தை. பக்கத்தில் நின்ற மாமியாரும் தலையை ஆட்டினார். அந்த வீட்டில் மருமகள் சொன்னதற்கு அவர் தலையை ஆட்டியது அதுவே முதல் தடவை.

"இவரைப் போல ஒருத்தர் எங்களுக்கு மட்டும் பயன்படறது நியாயம் இல்ல மேடம்," என்றார் பெரிய சிஸ்டர். "நாங்க சுயநலமா இருக்க விரும்பல."

அதிகாரி அம்மாள் சிரித்தேவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், மூக்கை உறிஞ்சினார்.

முதலிடம் அவர்களுக்கே வந்தது. டாக்டருக்குப் பதவி ஆணையும் வந்தது. தனி அறை, கார், திரையில் வண்ணப் படம் காட்டும் வேலை. கோட்டு தைக்கக்கூட அளவு கேட்டிருந்தார்கள்.

விடைபெற வேண்டிய நாளன்று டாக்டர் காலைச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் போகப் போறதில்ல," என்றார் திடீரென்று.

மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "என்னங்க சொல்றீங்க?"

"அந்தச் சனங்க என் மேல உயிரையே வெச்சிருக்காங்க. எனக்காக எப்படி உழைச்சாங்க தெரியுமா? அவங்களை அநாதையா விட்டுட்டுப் போனா நான் மனுஷனா? எனக்கும் பிரசவ ரூமை விட்டுட்டு இருக்க முடியாது. என் கையை நானே கழட்டி வெச்சுட்டுப் போற மாதிரி இருக்கு."

கடைசியில் சொன்னது மனதின் அடியிலிருந்து வந்தது. மனைவிக்கும் அது புரிந்தது. ஆனாலும் கணக்கு டீச்சர் அல்லவா?

"நல்ல முடிவுதான். ஆனா எதுக்கும் அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்களேன். ஆணி அடிக்கறதுக்கெல்லாம் ஓட்டு எடுத்தீங்களே."

"உண்மையான தலைவன் கேட்க மாட்டான்," என்றார் டாக்டர் எழுந்துகொண்டே. "உணர்வான்."

உணர்ந்த கையோடு மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டு, பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நிஜமாகவா, நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிறகு இரண்டாம் இடம் வந்த நிலையத்தின் டாக்டருக்கு அந்தப் பதவியைக் கொடுத்து, அப்போதே ஆணையும் அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கோட்டு அளவும் சரியாக இருந்ததாம்.

அன்று பிற்பகல் காத்திருப்போர் கூடத்தில் பிரிவுபசார விழா. பலூன்கள், நாற்காலிகள், நடு மேஜையில் டாக்டரின் இடுப்பு அகலத்துக்கு ஒரு கேக். அதன் மேல் 'சென்று வருக' என்று எழுதியிருந்தது. 'வருக' என்பதைச் சின்னதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஊரில் பாதி வந்திருந்தது. எல்லோரும் சேர்ந்து டாக்டருக்கு ஒரு பரிசு வாங்கியிருந்தார்கள். சக்கரம் வைத்த பெரிய பயணப் பெட்டி.

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று பெரிய சிஸ்டரே அனுமதி கொடுத்து, சர்க்கரையாருக்கு ஒரு பெரிய துண்டு கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். சர்க்கரையார் அதை உடனே தின்னவில்லை. நீண்ட பிரிவுக்குப் பிறகு சந்தித்த பழைய சினேகிதரைப் பார்ப்பது போல அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்தாளுநர் பேசினார். ஆயாம்மா அழுதார், சிரித்தார், மறுபடியும் அழுதார். "போன இடத்துல நல்லா இருக்கணும் சார்," என்று தச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டர் எழுந்தார்.

"உங்க எல்லாரையும் பார்க்கறப்போ எனக்குப் பேச்சே வரல. ஒரு பொது லட்சியத்துக்காக நீங்க எல்லாரும் ஒரே உயிரா உழைச்சீங்க. இந்த அன்பை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதனால ஒரு நல்ல செய்தி. அந்தப் பதவி எனக்கு வேண்டாம்னு இன்னிக்குக் காலையிலதான் சொல்லிட்டேன். அதை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. நான் எங்கேயும் போகல. ஓய்வு பெறுகிற வரைக்கும் இங்கதான், உங்ககூடத்தான்!"

கைதட்டல் வரவில்லை. எங்கோ ஒரு பலூன் மட்டும் வெடித்தது. பெரிய சிஸ்டர் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார், நல்ல வேளையாக இருந்தது. மருந்தாளுநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டவே இல்லை. கேக் வெட்டும் கத்தி ஆயாம்மாவின் கையில் அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியும், உங்களுக்கும் பேச்சு வராது," என்றார் டாக்டர் கனிவோடு. "நாளைக்கே ஒரு கூட்டம் போட்டு விரிவாப் பேசுவோம். பையில இன்னும் ஏதாவது வகை மிச்சம் இருக்கான்னு தேடிப் பார்க்கறேன்."

முன் வரிசையில் சர்க்கரையார், வாய்வரைக்கும் கொண்டுபோன கேக்கை மெல்லத் தட்டில் இறக்கி வைத்தார்.

"அப்போ, உங்களை இங்கேருந்து கிளப்பறதுக்காக நான் இத்தனை மாசமா இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காம கிடந்தது அத்தனையும் வீணா டாக்டர்?"